தொண்ணூற்றொரு கொளஞ்சிகள்

கொளஞ்சியின் ஒன்பதாம் வகுப்பில் அவளையும் சேர்த்து நான்கு கொளஞ்சிகள் படித்தார்கள். விருத்தாசலம் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் அந்தப் பெயர்தான். வகுப்பில் பெரிய கொளஞ்சி, சின்னக் கொளஞ்சி, கண்ணாடி போட்ட கொளஞ்சி என்று மூவருக்கு அடையாளம் கிடைத்துவிட்டது. நம்முடையவளுக்குக் கடைசிவரை ஒன்றும் கிடைக்கவில்லை. ‘இன்னொரு கொளஞ்சி’ என்றுதான் கூப்பிட்டார்கள். கணக்கில் அவள் வாங்கிய முதல் பரிசை ஆண்டு விழா மேடையில் பெரிய கொளஞ்சி போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இவள் சும்மா இருந்துவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. யாராவது கொளஞ்சி என்று பேரைச் சொன்னால், எந்த ஊர், யார் மகள், வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்று மூன்று கேள்வி கேட்காமல் விடமாட்டாள்.

அப்பாவுக்கு மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் சைக்கிள் கடை. 2004இல் கணிதத்தில் பட்டம் முடித்து, கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், இரண்டு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு, 2007இல் கொளஞ்சிக்குக் கம்மாபுரம் வட்டாரத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. அங்கே மருத்துவ அலுவலர் டாக்டர் சௌந்தரம். ஐம்பதை நெருங்கும் அம்மாள். குரல் வாசல்வரை கேட்கும். சிரிப்பு சாலைவரை கேட்கும்.

முதல் நாள் டாக்டர் அவளை ஒரு அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பீரோவைத் திறந்து காட்டினார். மேலிருந்து கீழ்வரை நீளமான நோட்டுகள். கர்ப்பிணிப் பெண்களைப் பதியும் நோட்டு, பிரசவ நோட்டு, தடுப்பூசி நோட்டு.

“இதுல மூணு வருஷத்துப் பொம்பளைங்க எல்லாம் இருக்காங்க. பாத்துப் பத்திரமா ஏத்து. உன் பேரு என்னா சொன்ன?”

“கொளஞ்சிங்க மேடம்.”

“அப்ப உள்ள இருக்கறவங்கள்ல பாதிப் பேரு உனக்குச் சொந்தம்தான்” என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே புற நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார் டாக்டர்.

பாதி இல்லை. எண்ணிப் பார்த்தாள். மூன்று வருடத்தில் பதிந்த மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு தாய்மார்களில் தொண்ணூற்றொரு பேருக்குக் கொளஞ்சி என்று பெயர். அவர்களின் கணவன்மார்களில் கொளஞ்சிநாதன், கொளஞ்சியப்பன் எல்லாம் தனி.

அடுத்த வருடம் ஜூன் மாதத்தில் ஃபர்ஹீன் வந்து சேர்ந்தாள். சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். பரங்கிப்பேட்டையில் வீடு. கொளஞ்சியின் வயதுதான். தோளில் லேப்டாப் பை, கையில் ஒரு கட்டு அனுமதிக் கடிதங்கள். வந்த அரைமணி நேரத்தில் டாக்டருக்கும் கொளஞ்சிக்கும் தன் வேலையைச் சொல்லிவிட்டாள். புதிதாக ஒருவரிடமும் ஒரு கேள்வியும் கேட்கப் போவதில்லை. கருவுற்றபோது ஒரு நோட்டில் பதிவார்கள். பிள்ளை பிறந்ததை வேறு ஓர் அலுவலகத்தில் பிறப்புப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஊசி போட்டது மூன்றாவது நோட்டில். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடக்கிறது. ஒரே தாயின் பதிவுகளைத் தேடி ஒன்றோடொன்று கோத்துவிட்டால், எந்த ஊரில் எந்தத் தாய்க்கு என்ன கவனிப்பு கிடைத்தது, பிள்ளை எப்படிப் பிறந்தது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

“எழுதி வெச்சது எல்லாம் ஏற்கனவே இருக்குங்க. சேத்துப் பாத்தவங்கதான் இல்ல” என்றாள்.

சேர்க்கிற வேலையை அவளுடைய லேப்டாப் செய்யும் என்றாள். செய்தது. இரண்டு நாள் ஓடி, மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு பேரைப் பொருத்திவிட்டு நின்றுவிட்டது. மீதி ஆயிரத்து நானூற்று எழுபத்தைந்து தாய்மார்கள் கர்ப்பிணி நோட்டில் இருந்தார்கள். வேறு எங்கும் இல்லை.

ஃபர்ஹீனுக்கு முகம் வாடிப்போயிற்று. “இத்தன பேரு எங்க போனாங்க? வூட்லயே பிரசவம் ஆயிடுச்சா? இல்ல, புள்ள தங்கலையா?”

கொளஞ்சி திரையைப் பார்த்தாள். பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. ஒரு கொளஞ்சி ‘கே’ போட்டுத் தொடங்கினாள். ஒருத்தி ‘ஜி’ போட்டு. ஒருத்திக்கு நடுவில் ‘சி எச்’. ஒரு நோட்டை ஏற்றினவர் ‘யூ’ போட்டுக் குளஞ்சி ஆக்கியிருந்தார். கம்ப்யூட்டருக்கு இவர்கள் எல்லாம் வேறு வேறு பெண்கள்.

“இது இங்கிலீஷ் எழுத்தப் பாக்குது. நாம காதால கேக்கணும்” என்றாள் கொளஞ்சி. “இன்னொண்ணு. இந்த இனிஷியலப் பாருங்க. புகுந்த வூட்டு நோட்டுல புருஷன் பேரோட எழுத்து. அம்மா வூட்டுக்குப் பிரசவத்துக்குப் போனா அங்க அப்பா பேரோட எழுத்து. செ.கொளஞ்சியும் மு.கொளஞ்சியும் ஒரே ஆளா இருக்கலாம்.”

ஃபர்ஹீன் அவளையே பார்த்தாள். “நீங்க கணக்குப் படிச்சீங்களா?”

“படிச்சேன். ஆனா இது நாலு கொளஞ்சியோட கிளாஸ்ல உக்காந்து படிச்சது.”

அதிலிருந்து நான்கு மாதம் இருவரும் அந்த அறையில் குடித்தனம் செய்தார்கள் என்றே சொல்லலாம். பெயர்களைத் தமிழ் ஒலிக்கு மாற்றி எழுதினார்கள். ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளச் சொன்னாள் கொளஞ்சி. இனிஷியலைத் தூக்கிவிட்டு, கணவன் பெயரின் ஒலி, எத்தனையாவது பிரசவம், நாள் குறித்த தேதிக்கு மூன்று வாரம் முன்பின் என்று கேள்விகளை வரிசைப்படுத்தினாள். அவற்றை எல்லாம் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மொழியில் ஃபர்ஹீன் எழுதினாள். சந்தேகமான ஜோடிகளை இருவரும் தனித்தனியாகப் பார்த்து, இருவருக்கும் ஒரே விடை வந்தால்தான் சேர்த்தார்கள். வராதபோது பெரிய சண்டை வரும். சண்டை முடிந்ததும் ஃபர்ஹீன் கொண்டுவந்த டப்பாவைத் திறந்து இருவரும் இடியாப்பம் தின்பார்கள். எந்த மாதத்தில் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது என்று இருவருக்குமே நினைவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் ஃபர்ஹீன் மிகக் கண்டிப்பு. பெயரும் ஊரும் இருக்கும் கோப்பு ஒரு கம்ப்யூட்டரில். எடை, ரத்த அளவு, நோய் எல்லாம் இருக்கும் கோப்பு வேறு கம்ப்யூட்டரில். பொருத்தி முடித்ததும் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு எண். அந்த எண்ணும் ஊரும் மட்டும்தான் மறுபக்கம் போகும்.

“பேரு தெரிஞ்சவங்களுக்கு நோய் தெரியக் கூடாது. நோய் தெரிஞ்சவங்களுக்குப் பேரு தெரியக் கூடாது” என்றாள். கொளஞ்சி இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தாள்.

அந்தத் தாளுக்கு வேலை சீக்கிரமே வந்தது. ஒரு மத்தியானம் அவளுடைய தாய்மாமா சிங்காரம் சுகாதார நிலையத்துக்கு வந்து நின்றார். மகனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பக்கத்து ஊர்ப் பெண். முதலில் ஒரு கல்யாணம் ஆகி, முறிந்து, விவாகரத்து வாங்கியவள். மாமா குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணுமில்ல பாப்பா. அந்தப் பொண்ணு முன்ன எப்பவாச்சும் முழுவாம இருந்துதான்னு உன் கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டிப் பாத்து சொல்லு. சொந்தத்துக்குள்ள இதுகூடச் செய்யமாட்டியா?”

கொளஞ்சி அவர் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போன மாமா. ஆனால் அந்தப் பெண் எந்த நம்பிக்கையில் நர்ஸிடம் தன் தேதியைச் சொல்லியிருப்பாள் என்று நினைத்ததும் வார்த்தை வந்துவிட்டது.

“முடியாது மாமா.”

“ஏன் முடியாது? உள்ளதான இருக்குது?”

“உள்ள இருக்குது. அதனாலதான் முடியாது. நாளைக்கு உங்க பொண்ணப் பத்தி ஒருத்தர் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன். தெரிஞ்சிக்கணும்னா அந்தப் பொண்ணுகிட்டயே போய்க் கேளுங்க. காப்பி சாப்புடுறீங்களா?”

மாமா காப்பி சாப்பிடவில்லை. ஒரு மாதம் அவர்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அம்மா இரண்டு நாள் திட்டினாள். அப்பா சைக்கிள் டயரை நீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே, “அவ சொன்னதுல என்னா தப்பு?” என்று கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தை மாதம் அந்தக் கல்யாணம் நடந்தது. கொளஞ்சிக்கு முதல் பந்தியில் இடம் போட்டு மாமாவே பாயசம் ஊற்றினார்.

அக்டோபர் முடிவதற்குள் பொருந்திய எண்ணிக்கை இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபது ஆகிவிட்டது. இன்னும் ஐநூற்று நாற்பத்திரண்டு பேரைக் காணவில்லை. அவளுடைய அம்மா எளிய வழி சொன்னாள். “கொளஞ்சியப்பருக்கு நம்ம குறைய ஒரு சீட்டுல பிராதா எழுதிக் கோயில்ல கட்டிடுடி. தொலஞ்சதக் கண்டுபுடிச்சிக் குடுக்கறது அவரு வேலதான?”

கொளஞ்சி பிராது கட்டினாளோ இல்லையோ, ஏற்கனவே பொருந்தியவர்களில் பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர்களின் ஊர்களை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தாள். புள்ளிகள் எல்லாம் கிழக்கே சிதம்பரம் பக்கம் அடர்ந்திருந்தன. “நம்ம காணாமப் போனவங்க உங்க ஊர்லதான் இருக்காங்க” என்றாள் ஃபர்ஹீனிடம்.

மறுநாளே இருவரும் சிதம்பரம் போனார்கள். பிறப்பு இறப்புப் பதிவைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர் பெயர் செம்பியன். முப்பது முப்பத்தொன்று வயது இருக்கும். மேசை சுத்தமாக இருந்தது. காதில் ஒரு பென்சில். அவர்கள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்.

“லெட்டர் இல்லாம இந்த ரிஜிஸ்டரைத் தொட முடியாதுங்க.”

ஃபர்ஹீன் கட்டிலிருந்து ஏழு கடிதங்களை எடுத்துப் போட்டாள். ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார். “இதெல்லாம் ஹெல்த்துக்கும் உங்க வட்டாரத்துப் பதிவுக்கும் வாங்கினது. எங்க பிறப்புப் பதிவுக்கு மாவட்டத்துலேர்ந்து தனியா வேணும். குடுத்தாலும் இங்கயே உக்காந்துதான் பாக்கணும். வெளிய எடுத்துட்டுப் போக வுடமாட்டேன்.”

வெளியே வந்ததும் ஃபர்ஹீன் கொதித்தாள். “என்னா மனுஷன்! ஒரு சிரிப்புகூட இல்ல.”

“நல்ல ஆளு” என்றாள் கொளஞ்சி. “நாமளும் இப்பிடித்தான சொல்லியிருப்போம்?”

கடிதம் வாங்க இரண்டரை மாதம் ஆயிற்று. கடலூருக்கு எட்டு முறை பஸ் ஏறினார்கள். 2009 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், செம்பியன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டு, முதல் பதிவேட்டைத் திறந்துவைத்தார்.

கொளஞ்சி பக்கத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நிரந்தர முகவரி என்ற கட்டத்தில், எதிர்பார்த்தபடியே, எல்லோரும் தாய்வீட்டு முகவரியைத்தான் சொல்லியிருந்தார்கள். அதை வைத்துப் பொருத்தவே முடியாது. ஆனால் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், மெல்லிய பென்சில் எழுத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறிப்பு இருந்தது. ‘புகுந்த ஊர் கம்மாபுரம்.’ ‘புகுந்த ஊர் செங்காட்டுப்பாளையம், இது மூணாவது.’ ‘புகுந்த ஊர் மங்கலம்பேட்டை, வீட்டுப் பேர் ராணி.’

“இது யாரு எழுதினது?”

“நான்தான்” என்றார் செம்பியன். முதல் முறையாகக் கொஞ்சம் வெட்கப்பட்டார். “2004ல வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு பொண்ணு குழந்தை சர்ட்டிபிகேட்டுல ஊரத் திருத்தணும்னு கைப்புள்ளையோட அஞ்சு தடவ வந்துது. எந்தப் பதிவுன்னு கண்டுபுடிக்கவே முடியல. அன்னிலேர்ந்து நானா கேட்டு ஓரத்துல எழுதி வெச்சிக்கிறேன். திரும்பி வந்தாங்கன்னா டக்குனு எடுத்துக் குடுக்கலாம் பாருங்க. இங்க்ல எழுதக் கூடாது. அதான் பென்சிலு.”

கொளஞ்சி எழுந்து நின்றுவிட்டாள். என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். ஃபர்ஹீன் நாற்காலியிலேயே ஒரு ஆட்டம் ஆடினாள். அலுவலகத்தில் இருந்த மற்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் கேட்காமல், எந்தப் படிவத்திலும் இடமில்லாமல், ஐந்து வருடமாக ஒரு மனிதர் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்!

மூன்று வாரம் அங்கே உட்கார்ந்து பார்த்தார்கள். ஒவ்வொரு கொளஞ்சியாகக் கிடைக்கக் கிடைக்க, “இதோ!” என்று குரல் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டாவது வாரத்தில் செம்பியனும் குரல் கொடுக்கத் தொடங்கினார். மத்தியானம் தன் சாப்பாட்டை மூன்று பங்காக்கினார். கத்திரிக்காய்க் கொத்சு. பென்சிலைச் சீவிக்கொண்டே அவர் சிரிப்பதைக் கொளஞ்சி பார்த்தாள். ‘ஒரு சிரிப்புகூட இல்ல’ என்று சொன்ன ஃபர்ஹீன் அதைப் பார்த்த கொளஞ்சியைப் பார்த்தாள்.

ஐநூற்று நாற்பத்திரண்டில் ஐநூற்று ஐந்து பேர் கிடைத்துவிட்டார்கள். ஏறக்குறைய அத்தனை பேருக்கும் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். காணாமல் போனதாக நினைத்த பிள்ளைகள் தாத்தா வீட்டில் பிறந்து, நன்றாகத் தவழ்ந்துகொண்டிருந்திருக்கிறார்கள். டாக்டர் சௌந்தரத்துக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவருடைய சிரிப்பு போனுக்கு வெளியே கேட்டது. முப்பத்தேழு பேர் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றே ஃபர்ஹீன் ஆய்வில் எழுதினாள்.

இதற்குப் பிறகுதான் ஃபர்ஹீனின் உண்மையான கேள்வி தொடங்கியது. பெயரில்லாத எண்களை ஊர்வாரியாக, மாதவாரியாக அடுக்கிப் பார்த்தாள். ஏழு ஊர்களில் மட்டும், மே முதல் ஜூலை வரை பிறந்த குழந்தைகள் மற்ற மாதத்துப் பிள்ளைகளைவிட இருநூறு கிராம்போல எடை குறைந்திருந்தன. அதே தாய்மார்களில் பத்துக்கு நாலு பேர் கடைசி மாதங்களின் பரிசோதனைக்கு வரவே இல்லை. வெயிலா, தண்ணீரா, காய்ச்சலா என்று ஃபர்ஹீன் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

கொளஞ்சி அந்த ஏழு பெயர்களை வாய்விட்டுப் படித்தாள். படித்ததுமே தெரிந்துவிட்டது. “ஏழும் முந்திரிக் கொல்லை ஊரு ஃபர்ஹீன். மார்ச்சுலேர்ந்து மே வரைக்கும் கொட்டை பொறுக்கற சீசன்.” ஆனால் தனக்குத் தோன்றியதை உடனே நம்பவில்லை. “நேர்ல போய்க் கேட்டுடலாம்.”

பக்கத்தில் இருந்த செங்காட்டுப்பாளையத்துக்குப் போனார்கள். செம்மண் பாதையில் முந்திரிப் பழத்தின் வாடை கம்மென்று இருந்தது. முதல் வீட்டில் பொன்னி என்ற பெண், ஏழு மாத வயிற்றோடு, கொட்டைகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். எந்தப் பதிவையும் பற்றி வாய் திறக்காமல், செக்கப்புக்கு ஊர்ப் பெண்கள் வருவதில்லையே ஏன் என்று மட்டும் கேட்டாள் கொளஞ்சி.

பொன்னி இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள். “வரக் கூடாதுன்னா இருக்கோம்? விடியறதுக்குள்ள கொல்லைக்குப் போவணும். உச்சி வெயிலு ஏறனப்புறம்தான் வூடு திரும்பறோம். நீங்க செக்கப்ப பன்னெண்டு மணிக்கே முடிச்சிடுறீங்க. கொட்டை கீழ வுழுந்து ரெண்டு நாளு கெடந்தா வீணாயிடும். அது எங்களுக்காவக் காத்துக்கினு இருக்குமா? சாயங்காலம் மூணு மணிக்கு வெச்சிப் பாருங்களேன். ஊரே வரும்.”

இவ்வளவுதான் விஷயம். ஃபர்ஹீன் பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: “ஒன்பது மாசம் கம்ப்யூட்டர் ஓட்டி வந்து நின்ன எடத்த அந்த அம்மா ஒரு மூச்சுல சொல்லிட்டாங்க.”

“அந்த அம்மாவ யாரும் கேக்கலியே” என்றாள் கொளஞ்சி. “ஏழு ஊரக் காட்டினது நம்ம நோட்டுதான். இல்லாட்டி எங்க போய் யாரக் கேட்டிருப்போம்?”

அந்த நவம்பரில் கடலூரில் மாவட்டக் கூட்டம். பெரிய ஹால், நீள மேசை, ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில். ஃபர்ஹீன் படங்கள் போட்டுக் காட்டினாள். ஒரு அதிகாரி கேட்டார்: “இந்த மேட்சிங் எல்லாம் சரின்னு எப்படி நம்பறது? ஒரு லட்சுமிக்குப் பதிலா இன்னொரு லட்சுமியச் சேத்திருந்தா?”

ஃபர்ஹீன் மைக்கைக் கொளஞ்சியின் பக்கம் தள்ளிவிட்டாள். கொளஞ்சி வாழ்நாளில் மைக்கைத் தொட்டதில்லை. முதல் வார்த்தை கீச்சென்று வந்தது.

“சார், என் பேரு கொளஞ்சி. எங்க நோட்டுல தொண்ணூத்தோரு கொளஞ்சி இருக்காங்க. பேரு ஒண்ணா இருந்தா ஒரே ஆளுன்னு நாங்க சேக்கலங்க. புருஷன் பேரு, எத்தினியாவது புள்ள, தேதி, ஊரு நாலும் ஒத்துப்போவணும். ரெண்டு பேரு தனித்தனியாப் பாத்தோம். அதுக்கப்புறம் இருநூறு பேர எடுத்து, கிராம நர்ஸ் அக்காங்ககிட்ட சரியான்னு கேட்டோம். ஆறு தப்பு. அந்த ஆறையும் எழுதியிருக்கோம், பதினாலாம் பக்கத்துல.”

கேட்டவர் பதினான்காம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். “தப்பையும் எழுதியிருக்கீங்க. அப்ப நம்பலாம்” என்றார். டாக்டர் சௌந்தரம் உடனே எழுந்து, மார்ச் முதல் மூன்று மாதம் ஏழு ஊர்களுக்கும் மாலை மூன்று மணிக்குப் பரிசோதனை வைக்க அனுமதி வேண்டும் என்றார். கிடைத்தது.

2010 மார்ச்சில் முதல் மாலை முகாம் செங்காட்டுப்பாளையம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. இரண்டே முக்காலுக்கே இருபத்தாறு பெண்கள் வந்துவிட்டார்கள். விரல்களில் கொட்டைப்பால் கறை, தலையில் நனைத்த துண்டு, ஒரே சத்தம், ஒரே சிரிப்பு. எடை மிஷினில் ஏறும்போது யார் அதிகம் என்று பந்தயம் கட்டினார்கள். பொன்னியும் வந்திருந்தாள், போன வருடம் பிறந்த பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு நாத்தனார்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

“பாத்தியா, சொன்னன்ல? ஊரே வருமுன்னு!” என்றாள்.

அந்த சீசனில் தவறவிட்டவர்கள் பத்தில் ஒருவரைவிடக் குறைவு. பிறந்த பிள்ளைகளின் சராசரி எடை நூற்று நாற்பது கிராம் ஏறியிருந்தது. “ஒரு வருஷத்த வெச்சிக்கிட்டு ஆடாதீங்க, இன்னும் ரெண்டு வருஷம் பாக்கணும்” என்று டாக்டர் சௌந்தரம் கண்டித்தார். சொல்லிவிட்டு எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்.

இதற்கிடையில் சிதம்பரத்திலிருந்து கொளஞ்சிக்குப் போன் வருவது ஜாஸ்தியாகிக்கொண்டே இருந்தது. ஆரம்பத்தில் ஊர்ப் பெயர்ச் சந்தேகங்கள். இந்த ஊருக்கு ‘ப்’ உண்டா, இரண்டு பாளையத்தில் எது பெரியது. பிறகு சந்தேகம் இல்லாமலே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வடலூரில், பஸ் மாறுகிற இடத்தில், செம்பியன் காத்திருந்து அவளிடம் நேராகக் கேட்டார்.

“எங்க அம்மாவ உங்க வூட்டுக்கு அனுப்பட்டுங்களா?”

கொளஞ்சியின் வாய் சும்மா இருக்கவில்லை. “அனுப்புங்க. லெட்டரோட வரச் சொல்லுங்க.”

அவர் உண்மையாகவே ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். மடித்த வெள்ளைத் தாளில், முகவரி, தேதி, பொருள் எல்லாம் போட்டு, மங்கலம்பேட்டை சைக்கிள் கடைக்காரருக்கு. அப்பா அதை மூன்று முறை படித்துவிட்டு, “இந்த மாதிரி ஆளு வேற எங்க கெடைக்கும்?” என்றார். அம்மாவுக்குச் சிதம்பரம் தூரம் என்று ஒரு குறை. சிங்காரம் மாமா தான் போய் விசாரிப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். திரும்பி வந்து, “நேராப் பையங்கிட்டயே கேட்டுட்டேன், நல்லாத்தான் பதில் சொல்றான்” என்றார். 2011 வைகாசியில் கல்யாணம். ஃபர்ஹீன் பரங்கிப்பேட்டையிலிருந்து வேன் வைத்துக் குடும்பத்தோடு வந்து, மணமேடைக்குப் பக்கத்திலேயே நின்றாள். டாக்டர் சௌந்தரத்தின் சிரிப்பில் நாதஸ்வரக்காரர் ஒரு நொடி தடுமாறினார்.

கல்யாணத்துக்குப் பிறகு கொளஞ்சி சிதம்பரத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸில் போய் வந்தாள். இரண்டாவது, மூன்றாவது சீசனிலும் மாலை முகாம் நின்றுவிடவில்லை, எடையும் இறங்கவில்லை. 2012 ஆகஸ்டில் மாவட்டத்தின் எல்லா வட்டாரத்துக் கம்ப்யூட்டர் ஊழியர்களுக்கும் பதிவுகளைப் பொருத்தக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கடலூருக்கு அழைத்தார்கள். மூன்று நாள் பயிற்சி. நாற்பது பேர். பாதிப் பேருக்கு அவளைவிட வயது அதிகம். முதல் நாள் காலை அவளே பலகையில் எழுதிப் பாடம் எடுத்தாள். மத்தியானத்துக்குள் ஆளுக்கொரு ஊர்ப் பெயர்க் குழப்பத்தைச் சொல்லி அவர்களே பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பண்ருட்டிக்காரர் ஒருவர் தன் நோட்டில் இருக்கும் பலராமன்களைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். யாருக்கும் நிறுத்த மனம் வரவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் ஃபர்ஹீனும் செம்பியனும் வந்து சேர்ந்தார்கள். ஃபர்ஹீனுக்கு முனைவர் பட்டம் உறுதியான சேதி அன்று காலைதான் வந்திருந்தது. மூவரும் கடற்கரைக்குப் போனார்கள். மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள்.

“டாக்டர் ஃபர்ஹீன்னு கூப்புடணுமா இனிமே?” என்றாள் கொளஞ்சி.

“கூப்பிடு. ஆனா வயித்துவலின்னு வந்து நிக்காத.”

செம்பியன் சிரித்ததில் பஜ்ஜி புரையேறிவிட்டது. கொளஞ்சி அவர் முதுகில் தட்டினாள். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய அலை ஓசைப்படாமல் ஏறி வந்து, மூவரையும் இடுப்புவரை நனைத்து, ஃபர்ஹீனின் செருப்பில் ஒன்றையும் மிச்சமிருந்த பஜ்ஜிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போயிற்று. ஐயோ என்று கத்திக்கொண்டு ஃபர்ஹீன் செருப்பின் பின்னால் ஓடினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொளஞ்சி அவளுக்குப் பின்னால் ஓடினாள்.